தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒரு சட்டம்



அமெரிக்காவில் குடியேறிய சீனத் தாய்மார்களும் அங்கேயே வளர்ந்த அவர்களுடைய மகள்களும் ஒருவரோடு ஒருவர் படும் பாடு இன்று உலகறிந்த கதை. ஜேட் ஸ்னோ வாங் 1950இல் வெளியிட்ட தன்வரலாறு, மாக்சின் ஹாங் கிங்ஸ்டன் 1976இல் வெளியிட்ட ‘தி உமன் வாரியர்’, ஏமி டானின் 1989ஆம் ஆண்டு நாவலான ‘தி ஜாய் லக் கிளப்’, அதை வேய்ன் வாங் 1993இல் எடுத்த படம், 2023இல் ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்’ என்று வரிசை நீள்கிறது. படித்தவர்களும் பார்த்தவர்களும் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள். தாய் என்றால் சீனா, மகள் என்றால் அமெரிக்கா. ஒருத்தி கடமையைப் பேசுகிறாள், மற்றவள் தன் விருப்பத்தைப் பேசுகிறாள். இரண்டு நாகரிகங்கள் ஒரே சமையலறையில் மோதுகின்றன. இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. அந்தச் சமையலறைச் சண்டையில் பெரும்பகுதியை மூட்டிவிட்டவை அமெரிக்கக் குடியேற்றச் சட்டமும் அந்தப் பெண்களுக்கு அங்கே வாய்த்த வேலையும்தான் என்பது என் வாதம். பண்பாட்டுக்குப் பங்குண்டு, அதைப் பின்னால் ஒப்புக்கொள்ளவும் போகிறேன். ஆனால் பண்பாட்டின் தலையில் ஏற்றப்பட்டிருக்கும் சுமையில் பாதிக்கு மேல் வேறிடத்தில் இறக்கி வைக்க வேண்டியது.

முதலில், அமெரிக்காவில் சீனத் தாய்மார்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த சீனர்கள் சுமார் 1,07,000 பேர். அவர்களில் பெண்கள் 4,000 பேர்கூட இல்லை. ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 27 ஆண்கள். மருமகள் மாமியாரோடு ஊரில் இருக்க வேண்டும் என்ற சீன வழக்கம் இதற்கு ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம் 1875ஆம் ஆண்டுப் பேஜ் சட்டம். பாலியல் தொழிலுக்குப் பெண்களைக் கொண்டுவருவதைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்ட அந்தச் சட்டத்தின் பேரில், கப்பல் ஏற வந்த சீனப் பெண்கள் எல்லாரையும் சந்தேகத்தோடு விசாரித்தார்கள். மானமுள்ள குடும்பப் பெண் அந்த விசாரணைக்கு உட்படத் தயங்கியதில் வியப்பில்லை. 1882இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளிகளுக்குக் கதவை மூடியது; தொழிலாளியின் மனைவிக்கும் மூடியது. வணிகரின் மனைவி போன்ற சிலரே வர முடிந்தது. ஆக, 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவில் ஒரு சீனத் தாயும் மகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்றால், அது சட்டத்தின் இடுக்கில் நுழைந்து வந்த குடும்பம் என்று பொருள்.

அப்படி வாழ்ந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் ஒரே வகையைச் சேர்ந்தவர்கள் இல்லை. 1898இல் வாங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அமெரிக்க மண்ணில் பிறந்த சீனக் குழந்தை அமெரிக்கக் குடிமகவு. சீனாவில் பிறந்த தாயோ, எத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அந்தத் தடை நீங்கியது 1943இல்தான். ஒரே மேசையில் சோறு உண்ணும் இருவரில் ஒருத்தி நாட்டுக்கு உரியவள், மற்றவள் எந்நாளும் அயலாள். இதைவிடக் கூர்மையான ஒரு சட்டம் 1922இல் வந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்றது கேபிள் சட்டம். அந்தத் தகுதியற்றவர்கள் யார் என்றால் ஆசியர்கள். 1931இல் திருத்தப்படும்வரை இந்த விதி நடப்பில் இருந்தது. சீனாவிலிருந்து வந்த நல்ல பையனாகப் பார்த்துக் கட்டிக்கொள் என்று தாய் வற்புறுத்தினால், அவள் சொற்படி நடக்கும் மகள் பிறந்த நாட்டுக்கே அந்நியளாகிவிடுவாள். வெள்ளைக்காரனை மணக்கலாம் என்றால் கலிஃபோர்னியாவில் அதற்கும் தடை. மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 1948இல். இந்த நிலையில் ஒரு தாயும் மகளும் கல்யாணப் பேச்சில் முட்டிக்கொண்டால், அதைக் கிழக்கும் மேற்கும் மோதியதாக எழுதுவது எவ்வளவு குறைபட்ட வரலாறு!

தாய்மார்களின் மௌனத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அம்மா எதையும் நேராகச் சொல்வதில்லை, குடும்பக் கதைகளைத் துண்டு துண்டாகத்தான் தருகிறாள், கேட்டால் கோபப்படுகிறாள் என்பது இந்த நூல்கள் பலவற்றில் வரும் மனக்குறை. விமர்சகர்கள் இதைக் கீழை நாட்டு அடக்கம், குடும்ப மானம் என்ற தலைப்புகளில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த மௌனத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. 1906ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதன் பிறகு பல சீனர்கள் தாங்கள் அங்கேயே பிறந்ததாகப் பதிந்துகொண்டார்கள். சீனாவுக்குப் போய்த் திரும்பும்போது மகன் பிறந்திருப்பதாக எழுதி வைத்தார்கள். அந்த இல்லாத மகனின் பெயரை வேறொரு குடும்பத்துப் பையனுக்கு விற்றார்கள். இதைக் கண்டுபிடிக்க, சான் பிரான்சிஸ்கோ அருகே இருந்த ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்தில் 1910 முதல் 1940 வரை அதிகாரிகள் விசாரித்த விதம் பதிவேடுகளில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு எத்தனை படி, அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கும், மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று தனித்தனியே கேட்டு, சொந்தக்காரர் சொன்னதோடு ஒப்பிடுவார்கள். விடை பிசகினால் அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பப்படலாம். கணவரின் பெயரே பொய்ப்பெயராக இருக்கும் வீட்டில், பள்ளிக்குப் போய் டீச்சரிடம் எல்லாவற்றையும் ஒப்பிக்கும் மகளிடம் எந்தத் தாய் குடும்ப வரலாற்றைச் சொல்வாள்? 1956இல் அரசு வாக்குமூலத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கி, உண்மையைச் சொன்னால் பதிவைச் சரிசெய்துகொள்ளலாம் என்றது. சுமார் பத்தாண்டுகளில் 13,000க்கும் மேற்பட்டவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஒருவர் சொன்னால் அவரோடு தொடர்புடைய பலரும் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் பயம் குறையவில்லை, கூடியது. வெளியே சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சத்தைக் கிங்ஸ்டனின் நூல் வெளிப்படையாகவே பேசுகிறது. 1980இல் அவர் எழுதிய ‘சைனா மென்’ நூலில் தந்தை அமெரிக்காவுக்குள் வந்த கதை ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வருவதையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும்.

கிங்ஸ்டனின் தாயை இன்னும் கொஞ்சம் கவனிக்கலாம். வாசகர் மனத்தில் அவர் பேய்க்கதை சொல்லும், உரக்கக் கத்தும், மூடநம்பிக்கை மிகுந்த கிராமத்துப் பெண்ணாகவே பதிந்திருக்கிறார். நூல் தரும் வரலாறு வேறு. கணவர் 1920களில் அமெரிக்கா போய்விட்டார். ஊரில் பிறந்த இரண்டு குழந்தைகளும் இறந்துபோனார்கள். கணவர் அனுப்பிய பணத்தைக் கொண்டு, நடுத்தர வயதை நெருங்கும்போது, அந்தப் பெண் பேறுகால மருத்துவம் பயின்று பட்டம் வாங்கினார். ஊருக்குத் திரும்பி மதிப்போடு மருத்துவம் பார்த்தார். சுமார் 15 ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவருக்கு அங்கே கிடைத்தது ஸ்டாக்டன் நகரத்து வெள்ளாவிக் கடை. அவருடைய பட்டத்தை யாரும் ஏற்கவில்லை. மகள் பிறந்தது 1940இல். அந்த மகள் கண்டது அழுக்குத் துணி பிரிக்கும் அம்மாவை மட்டுமே. டாக்டர் அம்மாவை அவள் கதையாகத்தான் கேட்டாள். அமெரிக்கா வந்ததால் பல படி இறங்கிப்போன ஒரு பெண், இழந்த உயரத்தை மகளிடம் எதிர்பார்க்கிறாள். எதிர்பார்ப்பு மட்டும் மகளுக்கு வந்து சேருகிறது, அதன் காரணம் வந்து சேருவதில்லை. இந்தத் தாயைப் பழஞ்சீனாவின் பிரதிநிதியாக நிறுத்துவது அவருக்குச் செய்யும் அநீதி. 1911 புரட்சியையும் மே நான்கு இயக்கத்தையும் கண்ட தலைமுறை அது. கட்டுண்ட கால்களிலிருந்தும் படிப்பில்லாத வாழ்விலிருந்தும் சீனப் பெண்கள் வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பாதையில் நடந்தவர் அவர்.

ஏமி டானின் தாய் டெய்சி ஷாங்காயில் ஒரு கொடிய மணவாழ்விலிருந்து தப்பி, முதல் கணவருக்குப் பிறந்த மூன்று மகள்களையும் அங்கே விட்டுவிட்டு 1949இல் வெளியேறினார். அதே ஆண்டு கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள். அதன்பின் 1970கள் வரை இரு நாடுகளுக்கும் இடையே போக்குவரத்தே அற்றுப்போனது. டான் பிறந்தது 1952இல், ஓக்லண்டில். அவருடைய தந்தையும் அண்ணனும் 1960களின் இறுதியில் மூளைக்கட்டியால் ஒருவர் பின் ஒருவராக இறந்த பிறகுதான், தனக்கு வேறு சகோதரிகள் இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. அதுவரை அந்த வீட்டில் தாய் காட்டிய பதற்றம், திடீர்க் கோபம், மகளை விடாமல் பிடித்துக்கொண்ட பிடி எல்லாம் காரணமற்ற கொடுமையாகவே மகளுக்குத் தோன்றியிருக்கும். மூன்று பிள்ளைகளைப் பனிப்போரின் அந்தப் பக்கம் தொலைத்த ஒரு பெண் நான்காவது மகளை வளர்த்த விதத்தைச் சீனத் தாய்மையின் இயல்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?

இனி வேலைக்கு வருகிறேன். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இன ஒதுக்கீட்டை ஒழித்த பிறகு குடும்பம் குடும்பமாகச் சீனர்கள் வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சைனாடவுனின் தையற்கூடங்களில் சுமார் 20,000 பேர் வேலை செய்தார்கள். ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். கணவர்கள் வேலை பார்த்த உணவகங்களில் மருத்துவக் காப்பீடு கிடையாது. தையற்காரிகளுக்குத் தொழிற்சங்கம் இருந்தது, சங்கத்தின் வழியே காப்பீடு இருந்தது. அதனால் குடும்பம் முழுவதன் உடல்நலமும் தாயின் பீஸ் ரேட் வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் உருப்படிக்கு இத்தனை சென்ட் என்று கூலி. வேகம் குறைந்தால் வருமானம் குறையும், ஆண்டு வருமானம் ஓர் அளவுக்குக் கீழே போனால் காப்பீடும் போய்விடும். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே தையற்கூடத்துக்கு வந்து, தாயின் இயந்திரத்தருகே நூல் பிசிறு வெட்டுவார்கள், பெல்ட்டுத் துணியைப் புரட்டிப் போடுவார்கள், துணி மூட்டை மேலேயே வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சீனத் தாய் பேசமாட்டாள், கட்டிப்பிடிக்கமாட்டாள், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள் என்று சொல்லப்படுவதன் பின்னால் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடிய அந்த இயந்திரத்தின் சத்தம் இருக்கிறது. இதே பெண்கள்தான் 1982 கோடையில் ஆயிரம் ஆயிரமாகத் தெருவில் இறங்கி வேலைநிறுத்தம் செய்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட முதலாளிகளைப் பணியவைத்தார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு காப்பகம் வேண்டும் என்று சங்கத்திடம் கேட்டுக் கேட்டுப் பெற்றவர்களும் இவர்களே. வரலாற்றாசிரியர் சியாவ்லான் பாவ் 2001இல் வெளியிட்ட நூல் இந்தப் பெண்களின் வாய்மொழியை விரிவாகப் பதிந்திருக்கிறது. அடக்கமான, வாய் திறக்காத சீனத் தாய் என்ற சித்திரத்தை அதற்குப் பிறகும் பிடித்துக்கொண்டிருப்பது கடினம்.

1990களில் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து ஃபூஜோ பகுதியிலிருந்து வந்த பெண்களின் நிலை இன்னும் மோசம். ஆட்கடத்தல்காரர்களுக்குக் கட்ட வேண்டிய கடன் பல பத்தாயிரம் டாலர். குழந்தை பிறந்தால் வேலைக்குப் போக முடியாது, காப்பகத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் பச்சிளம் குழந்தையை யாரிடமாவது கொடுத்துச் சீனாவில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் அனுப்பிவிடுவார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு ஃபூஜியான் கிராமத்தில் வளரும் அந்தப் பெண் குழந்தை, பள்ளியில் சேரும் வயதில், நாலைந்து வயதில், திரும்பி வரும். விமான நிலையத்தில் அதற்கு அம்மா என்று காட்டப்படுபவள் முன்பின் தெரியாத ஒரு பெண். பிற்காலத்தில் அந்த இருவருக்கும் இடையே காணப்படும் அந்நியத்தை எந்தத் தத்துவ மரபும் உண்டாக்கவில்லை. கடன் உண்டாக்கியது.

ஆங்கிலம் பேசத் தெரிந்த மகள் தாயின் வாயாக வேண்டியிருந்ததும் இதே கணக்கில் சேரும். கிங்ஸ்டனின் நூலில் ஒரு நிகழ்ச்சி. மருந்துக் கடைக்காரர் தவறுதலாக இவர்கள் வீட்டுக்கு மருந்தை அனுப்பிவிடுகிறார். நோயில்லாத வீட்டுக்கு மருந்து வந்தால் நோய் வரும் என்று அஞ்சிய தாய், தோஷம் கழிய இனிப்பு வாங்கி வா என்று மகளைக் கடைக்கு அனுப்புகிறார். இதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? சிறுமி கூனிக் குறுகி ஏதோ சொல்கிறாள்; அவர் பிச்சை கேட்கிறார்கள் என்று எண்ணி, பண்டிகை முடிந்து மிஞ்சிய மிட்டாய்களைக் கொடுத்துவிடுகிறார். தாய்க்கு வெற்றி, மகளுக்கு வெட்கம். தாயின் பெயரில் தானே தொலைபேசியில் பேச வேண்டியிருந்ததைப் பற்றி ஏமி டானும் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். 2022இல் வெளிவந்த ‘எவ்ரிதிங் எவ்ரிவேர்’ படத்தில் தாய் நடத்துவது ஒரு சலவைக் கடை. அவரை வருமான வரி அதிகாரி கணக்கோடு வரச் சொல்லியிருக்கிறார். மொழிபெயர்க்க மகள் வருவதாக இருந்ததே என்றும் அந்த அதிகாரி கேட்கிறார். வெள்ளாவியிலிருந்து காசு போட்டுத் துவைக்கும் இயந்திரத்துக்கு மாறியிருக்கிறதே தவிர, மகள் நிற்கும் இடம் மாறவில்லை. பத்து வயதுப் பெண் டாக்டரிடம் தாயின் கர்ப்பப்பை நோயைப் பற்றிப் பேச நேரும்போது வீட்டின் அதிகார முறை தலைகீழாகிறது. வெளியே மகளை நம்பியிருக்கும் தாய், வீட்டுக்குள் இரட்டிப்பு அதிகாரம் செலுத்துவது அந்தத் தலைகீழ் நிலைக்கு ஒரு பதில் என்றே நினைக்கிறேன். பையன்களும் இந்த வேலையைச் செய்தார்கள். ஆனாலும் தாயின் உடல் சார்ந்த, வீடு சார்ந்த காரியங்களில் இது பெரும்பாலும் மகளின் தலையில்தான் விழுந்தது.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு ஆண்பிள்ளை மோகம். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற எண்ணம் சீனக் குடும்பங்களில் ஆழமாக இருந்தது உண்மை. ஜேட் ஸ்னோ வாங்கின் கல்லூரிப் படிப்புக்குத் தந்தை பணம் தர மறுத்தார், அண்ணனுக்குத்தான் முன்னுரிமை. ஜேட் ஸ்னோவோ பிறர் வீட்டு வேலை செய்து படித்தார். இதை நான் மறைக்க மாட்டேன், நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் சீனர் விலக்குக் காலத்தில் காகிதத்தில் மகன் பிறந்ததாக எழுதினால் அது விற்கத்தக்க ஓர் இடம்; மகள் பிறந்ததாக எழுதினால் வாங்க ஆள் அரிது. மகனுக்கு ஊரில் இருந்த மதிப்பை அமெரிக்கக் குடியேற்ற அலுவலகம் டாலராக மாற்றிக் கொடுத்தது. பழைய வழக்கம் ஒன்று புதிய நாட்டில் தேய்ந்துபோகாமல் தடித்துப்போனதற்கு அந்த நாடும் பொறுப்பு. வாங்கின் நூலுக்கு நேர்ந்ததும் இங்கே கருதத்தக்கது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்நூலை ஆசிய மொழிகள் சிலவற்றில் கொண்டுவந்து, 1953இல் அவரையும் ஆசிய நாடுகளுக்குச் சொற்பொழிவாற்ற அனுப்பியது. பழமைவாதச் சீன வீடு, அதிலிருந்து மகளை மீட்ட அமெரிக்கா என்ற கதை அரசுக்கும் வசதியாக இருந்தது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. சட்டமும் வறுமையும்தான் காரணம் என்றால், கலிஃபோர்னியாவின் குபர்டினோவில் வசதியாக வாழும் மென்பொறியாளர் வீட்டிலும் இதே சண்டை ஏன்? கண்டிப்பான பிள்ளை வளர்ப்பைப் பற்றி 2011இல் வந்த ஏமி சுவாவின் ‘பேட்டில் ஹிம் ஆஃப் தி டைகர் மதர்’ நூல் கிளப்பிய புயலில் வறுமைக்கு இடமே இல்லை. இதற்கு என் பதில், சட்டம் அங்கேயும் இருக்கிறது, வேறு முகத்தோடு. 1965ஆம் ஆண்டுச் சட்டம் உறவினருக்கு அடுத்தபடியாகத் தொழில் தகுதி உள்ளவர்களுக்கு வழிவிட்டது. நம்மூரிலிருந்து பொறியாளர்களும் மருத்துவர்களும் போனது அதே வழியில்தான். ஜெனிஃபர் லீயும் மின் சோவும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவுக்கு வந்த சீனர்களில் 51 விழுக்காட்டினர் பட்டதாரிகள், அன்றைய சீனாவிலோ பட்டதாரிகள் 4 விழுக்காடு மட்டுமே என்று காட்டியது. தேர்வெழுதி வென்றவர்களை மட்டும் சலித்தெடுத்துக் கொண்டுவந்துவிட்டு, இந்த இனத்துத் தாய்மார்கள் மதிப்பெண்ணில் குறியாக இருக்கிறார்களே என்று வியப்பது சரியா? சுவாவும் குடியேறிய தாய் அல்ல. அவர் 1962இல் இல்லினாயில் பிறந்தவர், யேல் சட்டப் பேராசிரியர். அவருடைய பெற்றோர் பிலிப்பைன்ஸ் சீனர்கள். இளைய மகள் எதிர்த்து நின்றபோது அவர் பின்வாங்கியதோடுதான் நூல் முடிகிறது. பத்திரிகைத் தலைப்பில் அது வரவில்லை. சூ யங் கிம்மும் குழுவினரும் 444 சீன அமெரிக்கக் குடும்பங்களை எட்டாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு, புலித்தாய் வளர்ப்பு பரவலானதல்ல, அன்பும் ஆதரவும் கலந்த வளர்ப்பே அதிகம் என்றது. புலிவளர்ப்பில் வளர்ந்த பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குறைவாகவே இருந்தது.

பண்பாட்டுக்கு நான் ஒப்புக்கொள்ளும் பங்கு ரூத் சாவ் 1994இல் சொன்னது. சீனத் தாய்மார்களின் கண்டிப்பை அமெரிக்க உளவியலின் சர்வாதிகாரப் பெற்றோர் என்ற பெட்டிக்குள் அடைக்க முடியாது. கண்டிப்பும் அருகிருந்து பார்த்துக்கொள்ளும் பரிவும் அங்கே ஒன்றாக வருகின்றன என்றார் அவர். இதில் உண்மை இருக்கிறது. மகள் இரண்டு அளவுகோல்களுக்கு நடுவே தவித்தாள் என்பதும் உண்மை. அவள் பட்ட காயமும் பொய்யல்ல. சொல்லால் அடித்த தாய் அடித்தவள்தான். காரணம் சொல்வது மன்னித்துவிடுவதாகாது. ஃபிராங்க் சின் 1991இல் கிங்ஸ்டன், டான் இருவர்மீதும் வைத்த குற்றச்சாட்டு, வெள்ளை வாசகருக்காகச் சீன மரபைத் திரித்தார்கள் என்பது. அதை நான் ஏற்கவில்லை. அந்த எழுத்தாளர்கள் திரித்ததைவிட நாம் படித்த விதத்தில்தான் பிழை. அதே 1991இல் லிசா லோ எழுதிய கட்டுரைக்கு என் வாதம் பெரிதும் கடன்பட்டது. ஆசிய அமெரிக்கப் பண்பாட்டைத் தலைமுறை மோதலாகவே படித்தால், வர்க்கமும் பாலினமும் வரலாறும் வீட்டுச் சண்டையாகச் சுருங்கிவிடும் என்று அவர் எச்சரித்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த எச்சரிக்கை பாடத்திட்டங்களை எட்டவில்லை.

முன்னே சொன்ன, மகள் மொழிபெயர்ப்பாளராக நின்ற அந்த இடத்தைக் குறைக்க அமெரிக்க அரசே ஒரு முயற்சி எடுத்தது. சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குழந்தைகள் தொடுத்த வழக்கில் 1974இல் வந்த லாவ் தீர்ப்பு, ஆங்கிலம் தெரியாத குழந்தைக்கு உதவி செய்யாமலிருப்பதும் பாகுபாடே என்றது. 2000ஆம் ஆண்டு அதிபர் ஆணை, மத்திய அரசின் பணத்தில் இயங்கும் அலுவலகங்களும் மருத்துவமனைகளும் மொழி உதவி தர வழிசெய்யச் சொன்னது. நெருக்கடி நேரம் தவிர மற்ற வேளைகளில் சிறுபிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு மருத்துவ விதி கூறியது. அந்த 2000ஆம் ஆண்டு ஆணை 2025 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது. பழைய உரிமைச் சட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் எந்தத் துறை எவ்வளவு மொழி உதவி தரும் என்பது பெரிதும் அந்தந்தத் துறையின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. இங்கே ஒப்பிலக்கியம் படிக்கும் மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ‘தி உமன் வாரியர்’ பற்றி ஆய்வேடு எழுதும்போது, நாட்டுப்புறக் கதைத் தொகுப்புகளோடு நிறுத்திவிடாமல், ஏஞ்சல் தீவு விசாரணைப் பதிவுகளையும் தையற்சங்கத்தின் ஆவணங்களையும் இந்த ஆணைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.